மண்வெட்டியும் கொப்பியும்: யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்குக் காவல் இருந்தவர்கள்

"யாழ்ப்பாணத்தில ஆறு இல்லை" எண்டு சின்ன வயசில இருந்து கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அது முழுக்க உண்மை இல்லை. அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி எண்டு வலிகாமத்தின் நடுவால் இறங்கி, கல்லுண்டாய் வெளியைக் கடந்து கடனீரேரியில் விழுகிற ஒரு நீரோட்டம் இருக்கிறது. பெயர் வழுக்கை ஆறு. மாரியில் மட்டும் ஓடும். பங்குனி, சித்திரையில் அதன் படுக்கையில் மாடு மேயும். நாளாந்தம் மதகுக்கு மேலால் மோட்டார் சைக்கிளில் போகிற எத்தனையோ பேருக்குக் கீழே இருப்பது ஆறு எண்டே தெரியாது. வெள்ளவாய்க்கால் எண்டு நினைக்கினம். சிலர் குப்பை போடுகிற இடம் எண்டு நினைக்கினம்.

ஆறு இருந்தும் தெரியாத ஒரு குடாநாட்டில் குளத்தையும் கிணற்றையும் கடனீரேரியையும் ஆர் காத்தது? இதுதான் கேள்வி. ஊர்த்தொண்டு எண்டவுடன எங்களுக்கு ஞாபகம் வருவது சிரமதானம். ஞாயிற்றுக்கிழமை விடியவே மண்வெட்டி, கத்தி, தேத்தண்ணி, பிறகு முகநூலில் படம். அதை நான் குறைச்சுச் சொல்ல வரேல்லை. ஆனால் பழைய கதைகளைத் தோண்டிப் பார்த்தால், தண்ணீரைக் காப்பாற்றின கையில் மண்வெட்டியோடு ஒரு கொப்பியும் இருந்திருக்கிறது. ஆருக்கு எவ்வளவு, எந்த நாளில், எந்த உரிமையில், தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது எண்ட கணக்கு. கணக்கு இருந்த இடத்தில் தண்ணீர் மிஞ்சியது. இல்லாத இடத்தில் நல்ல மனசு மட்டும் மிஞ்சியது.

முதலில் நிலத்துக்குக் கீழே என்ன நடக்கிறது எண்டு பார்ப்பம். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. வருசத்துக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை. அந்த மழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரை விடப் பாரம் குறைவு, அதனால் மிதக்கிறது. கணக்கு இப்படி: கடல்மட்டத்துக்கு மேல் 1 அடிக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும். அதைத் திருப்பி யோசியுங்கோ. மேலே 1 அடி இறங்கினால், கீழே இருந்து உப்பு 40 அடி ஏற வழி கிடைக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது அதிசயம் எண்டு சுற்றுலாப் பலகையில் போடுகிறார்கள். உண்மையில் அது குடாநாடு முழுவதுக்குமான படம், ஒரு கிணற்றில் திறந்து காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கீரிமலையில் அந்த நன்னீர் கடற்கரையிலேயே ஊற்றாக வெளிவருகிறது.

அதனால் எங்கட ஊரில் நீரேந்துபகுதி எண்டால் மலையும் காடும் கிடையாது. ஊர்க்குளம், தரவை, வயல்வெளி, வெள்ளவாய்க்கால், வீட்டு வளவு, எல்லாமே நீரேந்துபகுதி. ஒரு குளத்தை நிரவி வீடு கட்டினால் அரை மைல் தள்ளி ஒரு கிணறு உவர்க்கும். நிரவினவருக்கு அது தெரியவராது. உவர்த்த கிணற்றுக்காரருக்கும் ஏன் எண்டு விளங்காது.

இதைப் பழைய ஆக்கள் விளங்கி வைச்சிருந்தார்களா? சூத்திரம் தெரிஞ்சிருக்காது, ஆனால் முறை தெரிஞ்சிருந்தது. தோட்டக் கிணறுகள் பங்குக் கிணறுகள். நாலு பேர், ஆறு பேர், சிலவேளை அதற்கும் மேல். ஆளாளுக்கு இறைப்பு முறை நாள். துலாவில் ஏறி மிதிக்க ஒருவர், பட்டை பிடித்து ஊற்ற ஒருவர், வாய்க்கால் மாற்ற இன்னொருவர். காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கோ, பரப்பு, குழிக் கணக்கோடு கிணற்றுப் பங்கும் தண்ணீர் அள்ளும் உரிமையும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கும். தண்ணீர் எழுத்தில் இருந்தது. முறைநாளில் மட்டுந்தான் இறைக்கலாம் எண்டதால், துலாக்காலத்தில் ஒரு கிணற்றில் இருந்து ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய தண்ணீருக்கு மனித உடம்பே எல்லையாக இருந்தது. மண்ணெண்ணெய் மெசின் வந்த பிறகு அந்த எல்லை போனது. முறைநாள் மட்டும் கொஞ்சக் காலம் தங்கியது.

இந்த இடத்தில் பழம்பெருமை பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. பங்கு எழுதப்பட்டது காணி வைச்சிருந்தவர்களுக்கு. ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்துக்கு அந்தக் கிணற்றில் பங்கு இருக்கட்டும், தொட்டு அள்ளவே விடேல்லை. வாளியோடு நின்று, ஆராவது ஊற்றும்வரை காத்திருந்த கதைகள் எங்கட அம்மம்மாமாரின் காலத்துக் கதைகள்தான். "அந்தக் காலத்தில ஊரே சேர்ந்து குளம் வெட்டினது" எண்டு சொல்லும்போது, அந்த "ஊர்" ஆர், வெட்டினவர் விரும்பித்தான் வந்தாரா எண்டு கேட்க வேண்டியிருக்கு.

விரும்பி வரேல்லை எண்டதற்குச் சட்ட வரலாறே சாட்சி. அரசனுக்குச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பை இலங்கையில் இராஜகாரியம் எண்டார்கள். ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் எண்ட பெயரில் அதற்கு ஒரு உறவுக்காரன் இருந்தான். கோல்புரூக் ஆணைக்குழுவின் பிறகு 1832 இல் பிரித்தானியர் இராஜகாரியத்தை ஒழித்தார்கள். மனிதருக்கு நல்லது. ஆனால் குளங்களையும் வாய்க்கால்களையும் பராமரித்த உழைப்பும் அதே கயிற்றில் கட்டியிருந்தது. கயிறு அறுந்தவுடன் நாடு முழுக்கக் கிராமக் குளங்கள் தூர்ந்தன. கால் நூற்றாண்டு பொறுத்து, 1856 இல், ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் ஒரு நீர்ப்பாசனச் சட்டம் வந்தது. வயல்காரர் கூடித் தீர்மானித்தால், குளம், வாய்க்கால் பராமரிக்கிற பழைய வழமைகளைச் சட்டபலத்தோடு திருப்பிக் கொண்டுவரலாம் எண்டது அந்தச் சட்டம். கட்டாயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது எண்ட கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது. 1958 இல் ஏ. ரி. ஆரியரத்ன கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களோடு தொடங்கிய சர்வோதய இயக்கம் அதற்கு "சிரமதானம்" எண்டு ஒரு பதில் சொன்னது. உழைப்பைத் தானமாகக் கொடு. அந்தச் சொல் எங்கட சனசமூக நிலையங்களுக்குள்ளும் வந்து, இப்ப அது ஆர் கண்டுபிடித்த சொல் எண்டுகூட ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

குளம், கிணறு அளவில் நடந்த இந்தக் கதைக்குப் பக்கத்தில், கடனீரேரி அளவில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. குடாநாட்டுக்குள் நுழையும் கடனீரேரிகளை மறித்து, உப்பைக் கழுவி, நன்னீர் ஏரிகளாக்கலாம் எண்ட யோசனை ஒல்லாந்தர் காலத்தில் இருந்தே இருக்கிறது. 1879 இல் அரசாங்க அதிபர் துவைனம் அதைத் திருப்பி எடுத்தார். பிறகு சட்டசபையில் கே. பாலசிங்கம் பேசினார். இதை முழுத் திட்டமாக வரைந்தவர் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் ச. ஆறுமுகம். 1954 இல் அவர் முன்வைத்தது "யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு" எண்ட திட்டம். வன்னியிலிருந்து வருகிற கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடனீரேரியில் விழுகிறது. அதன் இரண்டு பக்கத்தையும் அணைகட்டி அடைத்தால் அது நன்னீராகும். முள்ளியானில் ஏறக்குறைய 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டினால் அந்தத் தண்ணீர் வடமராட்சிக் கடனீரேரிக்கு வரும், அங்கிருந்து உப்பாற்றுக்கு. கடலுக்குள் போகிற வாய்களைத் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டு மறிக்க வேண்டும். அந்த இரண்டு தடுப்பணைகளும் 1950 களில் கட்டப்பட்டன. ஆனையிறவுப் பக்கமும் முள்ளியான் வாய்க்காலும் தொடங்கின, முடியேல்லை.

திட்டம் நல்லதா கெட்டதா எண்டு இப்பவும் பொறியியலாளர்கள் அடிபடுகினம். அதற்குள் நான் போகேல்லை. எனக்கு ஆர்வம் கதவுகளில். தொண்டைமானாற்றுக் கதவுகள் பலகைகள். மாரி வெள்ளம் வரும்போது திறந்து உப்பைக் கழுவிவிட வேண்டும். வெள்ளம் முடியிற சரியான நாளில் மூட வேண்டும். ஒரு கிழமை பிந்தினால் நன்னீர் கடலுக்குப் போய்விடும், முந்தினால் உப்பு உள்ளே நிற்கும், வயலும் தாழும். இதில் கமக்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் ஒரே விருப்பம் இருக்க முடியாது. கடனீரேரியில் இறால் பிடிக்கிறவருக்குக் கடல்வாய் திறந்திருக்க வேண்டும், ஏன் எண்டால் இறால் குஞ்சு கடலில் இருந்துதான் உள்ளே வரும். அவருக்கு அந்த மூடின கதவு சோற்றில் மண். அப்ப எந்த நாளில் திறக்கிறது, ஆர் தீர்மானிக்கிறது? பங்குக் கிணற்றில் ஆறு பேருக்கு எழுதி வைச்ச முறைநாள், ஒரு கடனீரேரியைச் சுற்றி இருக்கிற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு எழுதப்படேல்லை. அணையைக் கட்டினது அரசு. அணையைப் பற்றிய உடன்படிக்கையை ஆரும் கட்டேல்லை. பிறகு போர் வந்தது, பலகை உக்கியது, இரண்டு பக்கமும் கடல் கலந்தது.

போர்க்காலத்தை இங்கே ஒரு பந்தியில் கடக்கிறேன், ஆனால் ஒரு விசயம் சொல்லாமல் விடேலாது. 1950 இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் மூடப்படும்வரை வலிகாமம் வடக்கின் சுண்ணக்கல்லைத் தின்றது. எங்களுக்குத் தண்ணீர் தேக்கி வைச்சிருக்கிற அதே கல். ஊருக்கு வேலை வந்தது, சீமெந்து வந்தது, அகழ்ந்த பள்ளங்கள் மிஞ்சின. அந்த 40 வருசத்தில் கல்லும் தண்ணீரும் ஒண்டுதான் எண்டு உரத்துச் சொன்ன குரல் மிகக் குறைவு. இதுக்கு அரசை மட்டும் குற்றம் சொல்லேலாது.

போருக்குப் பிறகு நடந்த இரண்டு சம்பவங்களில்தான் ஊர்ச் சனம் கொப்பியைத் திருப்பிக் கையில் எடுத்தது.

ஒண்டு இரணைமடு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில், இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் குடிநீர் கொண்டுவரும் திட்டம் 2010 அளவில் வந்தது. கிளிநொச்சிக் கமக்காரர் அமைப்புகள் எதிர்த்தன. யாழ்ப்பாணத்தில் பலர் அப்போது சொன்னது, "குடிக்கத் தண்ணி கேட்டாத் தரமாட்டினமாம்". கமக்காரர் பேசினது கருணை பற்றி இல்லை, கணக்குப் பற்றி. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கக் குளத்தில் தண்ணீர் இருந்தது, எந்த வருசம் விதைக்கவே முடியாமல் போனது, குத்தகைக் கமக்காரர் எப்படித் தாங்குவார். ஒவ்வொரு வருசமும் விதைப்புக் கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அவர்கள் ஏக்கரைத் தீர்மானிக்கிறார்கள், அதனால் கையில் இருந்தது. கடைசியில் குடிநீருக்கு மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கிற நிலையம் எண்டு முடிவாகி, 2024 இல் அது திறக்கப்பட்டது. அந்த முடிவு எனக்கு முழுத் திருப்தி இல்லை. கடல்நீரை நன்னீராக்கக் கரண்ட் செலவு கூட, கரைவலைக்காரரின் பயமும் நியாயமானது. ஆனால் கமக்காரர் அமைப்புகள் தங்கட குளத்தைக் காத்த விதத்தைப் படிக்காமல் விட்டால் நட்டம் எங்களுக்குத்தான்.

மற்றது சுன்னாகம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சுன்னாகம் வலிகாமத்தின் முக்கிய நிலத்தடி நீர்ப் படுக்கைக்குத் தன் பெயரையே கொடுத்த ஊர். போர் முடிந்த கையோடு அங்கே நொதேர்ண் பவர் எண்ட தனியார் கம்பனி எரிபொருளில் மின்சாரம் உற்பத்தி செய்து மின்சார சபைக்கு விற்கத் தொடங்கியது. சில வருசத்தில் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மணத்தது. அள்ளின வாளியில் படலம் மிதந்தது. முதலில் பக்கத்து வீடுகள், பிறகு கொஞ்சம் தள்ளி, பிறகு இன்னும் தள்ளி. சனம் அதற்கு வைச்ச பெயர் "கழிவு ஒயில்". சுண்ணக்கல்லில் எண்ணெய் நேர்கோட்டில் போகாது, வெடிப்பு எங்கே போகுதோ அங்கே போகும். அதனால் ஒரு வீட்டில் இருக்கும், அடுத்த வீட்டில் இருக்காது. "உங்கட கிணத்தில இல்லையே, எங்கட கிணத்தில மட்டும் எப்பிடி?" எண்டு ஊருக்குள்ளேயே சந்தேகம் வந்தது.

அந்தச் சந்தேகத்தை முடித்தது அளவீடு. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 இறுதியிலிருந்து 2014 வரை 150 கிணறுகளின் தண்ணீரைச் சோதித்தது. 109 கிணறுகளில், அதாவது 100 க்கு 73 இல், எண்ணெயும் கிரீசும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. ஊரவர் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015 தை மாதம் நீதிமன்றம் மின்நிலையத்தின் செயற்பாட்டை நிறுத்தச் சொன்னது. வீதியோரங்களில் தாங்கி வைத்துப் பவுசரில் தண்ணீர் கொடுக்கத் தொடங்கினார்கள். நல்லூரில் இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு பயப்படுகிற அளவுக்கு இல்லை எண்ட மாதிரிச் சொன்னது, சனம் அதை நம்பேல்லை. எங்கட வாக்கில் வந்த சபையே எங்கட கிணற்றுப் பக்கம் நிற்கேல்லையே எண்டது அந்தக் காலத்தின் பெரிய கசப்பு. தண்ணீர் அரசியலில் "எங்கட ஆக்கள்" எண்ட சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி எண்டு அப்போது விளங்கியது.

அடுத்த படி தெற்கில் இருந்து வந்தது. சூழல் மற்றும் இயற்கைக் கற்கைகளுக்கான நிலையம் எண்ட அமைப்பின் தலைவர் ரவீந்திர குணவர்தன காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். அவருடைய கிணறு சுன்னாகத்தில் இல்லை. சுத்தமான தண்ணீர் எல்லாருக்கும் பொதுவான விசயம், பொதுநலத்துக்காக ஆரும் கேட்கலாம் எண்டதுதான் அவர் நின்ற இடம். 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீர் மாசானதற்குக் கம்பனி பொறுப்பு எண்டும், கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் கடமையைச் செய்யவில்லை எண்டும், மாசாக்கினவரே செலவு ஏற்க வேண்டும் எண்டும் நீதிமன்றம் சொன்னது. கம்பனி 2 கோடி ரூபா கட்ட வேண்டும். பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர் 500 பேர் வரை, ஆளுக்குக் கூடியது 40,000 ரூபா, கிணறு துப்புரவு செய்ய.

40,000 ரூபாவுக்குக் கிணற்றை இறைத்துக் கழுவலாம். கிணற்றைச் சுற்றியிருக்கிற கல்லைக் கழுவேலாது. ஆனாலும் இந்தத் தீர்ப்பு இலங்கைச் சூழல் சட்டத்தில் ஒரு முக்கியமான கல், சட்ட மாணவர்கள் இப்ப அதைப் படிக்கினம். அது நின்றது 150 கிணறுகளின் அளவீடு மாதிரியான காகிதங்களில். கோசம் ஊரைக் கூட்டியது, கடிதமும் அறிக்கையும் வழக்கைத் தூக்கியது. முதலில் மணத்த நாளை ஆராவது திகதியோடு எழுதி, போத்தலில் தண்ணீர் எடுத்து வைச்சிருந்தால் இன்னும் இரண்டு வருசம் முந்தி நின்றிருக்கும் எண்டது என் எண்ணம்.

இப்ப குளங்களுக்கு வருவம். கடந்த சில வருசங்களில் இளைஞர் கழகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டுக் காசும் சேர்ந்து நிறையக் குளங்களில் கை வைச்சிருக்கு. நகரத்துக்குள் ஆரியகுளம் 2021 இறுதியில் புதுப்பிக்கப்பட்டு, நடைபாதையும் விளக்குமாகத் திறந்தது. பின்னேரம் போய் இருக்க நல்ல இடம், எனக்கும் பிடிக்கும். ஆனால் குளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அழகாக்குவதும், மழைவெள்ளம் அந்தக் குளத்துக்கு வந்து சேர்கிற வாய்க்காலைத் திறந்து வைப்பதும் இரண்டு வேலை. முதலாவதுக்குத் திறப்புவிழா இருக்கு. இரண்டாவதுக்கு அயல்வீட்டுக்காரரோடு சண்டை இருக்கு, ஏன் எண்டால் வாய்க்காலின் மேல் அவருடைய மதில் நிற்கும்.

இன்னொரு சிக்கல், குளம் ஆருடையது எண்டது. ஒண்டு கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், அடுத்தது பிரதேச சபையின் கீழ், மூன்றாவது கோயில் கேணி, நாலாவது ஆரோ ஒருவரின் உறுதிக்குள். தூர் வார இறங்குமுன்னம் இதைக் கேட்காத குழுக்கள், அடுத்த வருசம் அதே குளத்தில் லோட் லோடாகக் கட்டட இடிபாடு கொட்டப்படும்போது ஆரிடம் முறையிடுவது எண்டு தெரியாமல் நிற்கும். கிராம அலுவலரிடம் எல்லைப் படம் கேட்டு, ஒரு பிரதி எடுத்து, சனசமூக நிலையத்தில் தொங்கவிட ஒரு மத்தியானம் போதும்.

வழுக்கை ஆற்றின் கடைசிப் பகுதியில், கல்லுண்டாய் வெளியில், யாழ் மாநகரத்தின் குப்பை மலையாகக் கிடக்கிறது. உப்பு ஏறாமல் மறிக்க அராலியில் ஒரு தடுப்பணையும் இருக்கிறது. மேலே நல்லூர் அளவுக்குப் புனிதமாகப் பேசப்படுகிற கந்தரோடையைத் தொட்டு வருகிற தண்ணீர், கீழே குப்பையின் ஓரத்தால் போய்க் கடனீரேரியில் கலக்கிறது. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் என்ன இருக்கிறது எண்டு கேட்க, சுன்னாகம் மாதிரி மணம் வரும்வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

கேட்கிற வேலை பெரிய செலவும் இல்லை. நீர்மட்டம் அளக்கக் கயிறும் கல்லும் போதும், முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்டால் சரி. உப்பு அளக்கிற சின்ன மின்கடத்துதிறன் மானி ஒண்டு கழகத்துக்கு ஒண்டு வாங்கலாம். தோட்டங்களில் யூரியா போடுகிற ஊர் எண்டால் நைத்திரேற்றும் பார்க்க வேண்டும், அதற்கு ஆய்வுகூடம் தேவை, வருசத்துக்கு ஒருக்கா காணும். ஒரு ஊரில் பத்துக் கிணறு தெரிவு செய்யுங்கோ, பங்குக் கிணறு, வீட்டுக் கிணறு, கோயில் கிணறு எண்டு கலந்து, எல்லாச் சனத்தின் தெருவிலும் ஒண்டாவது வாற மாதிரி. மாரி முடிந்த தையில் நீர்மட்டம் உச்சத்தில் நிற்கும், புரட்டாதியில் அடிமட்டத்தில். அந்த இரண்டு மாதத்திலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், விடிய மோட்டர் போட முன்னம் அளக்க வேண்டும். மோட்டர் ஓடின பிறகு அளந்தால் கணக்குப் பிழைக்கும்.